காப்பு கட்டிய வாரத்தில் வந்த ஊசி

ஜோகுபாளையத்தில் எங்கள் அம்மன் கோயில் கமிட்டியில் நானும் ஒருவன். பெரிதாகப் படித்தவனில்லை, கோயில் வேலை என்றால் மறுக்கத் தெரியாது, அவ்வளவுதான். என் மனைவிக்கு வீசிங் உண்டு. முந்தின வருட மழையில் ஃப்ளூ காய்ச்சல் வந்து மூச்சுக்குத் தவித்துப் பிழைத்தவள். அதனால் பிரேசர் டவுன் சர்ச் கிளினிக்கிலிருந்து ஒரு சிஸ்டர் வந்து, "கோயில் ஹால் குடுத்தீங்கன்னா வயசானவங்களுக்கும் வீசிங் இருக்கறவங்களுக்கும் ஃப்ளூ ஊசி போட்டுடலாம்" என்றபோது, கமிட்டியில் எல்லாரையும் முந்திக்கொண்டு நான் தலையாட்டினேன்.

மருந்து வரத் தாமதமாகி, தேதியை ஒரு வாரம் தள்ளச் சொன்னார்கள். ஹால் காலியா என்று மட்டும் பார்த்துவிட்டுச் சரி என்றேன். அந்தப் புதுத் தேதிக்கு முந்தின வெள்ளிக்கிழமைதான் ஆடித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டு என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

ஞாயிறு காலை சிஸ்டர் ஐஸ் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். பெண்களும் வந்தார்கள், மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றோடு. அதை அவிழ்க்கும்வரை உடம்பில் ஒரு சொட்டு ரத்தம் காட்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். யாரும் ஊசிக்குக் கை நீட்டவில்லை.

"கமிட்டில உக்காந்துக்கினு காலண்டர் பாக்கத் தெரியலியாண்ணா உனக்கு?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எல்லாரும் சிரித்தார்கள்.

மனைவியை ஓரமாகக் கூப்பிட்டேன். "ஆத்தா கோச்சுக்க மாட்டா. நீ மட்டும் போட்டுக்கோ."

"ஆத்தாவைப் பத்தி எனக்கே சொல்றீங்களா? என்னைப் பொழைக்க வச்சவளுக்குத்தாங்க இந்தக் காப்பு." சொல்லி முடிப்பதற்குள் இருமல்.

சிஸ்டர் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "எங்களுக்கும் விரதமெல்லாம் உண்டும்மா. எப்ப அவுப்பீங்க?" என்றார்.

"அடுத்த ஞாயிறு கூழ் ஊத்திட்டு, திங்கக்கெழம" என்றாள் என் மனைவி.

"மருந்து எங்க ஃப்ரிட்ஜ்லயே இருக்கட்டும். சும்மா சும்மா வெளிய எடுத்தா கெட்டுடும். நீங்கதான் அங்க வரணும்."

"சர்ச்சுக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"சர்ச்சுக்கு இல்ல, பக்கத்துல கிளினிக்குக்கு. ஊசிக்கு ஏதும்மா சாமி?"

அந்த எட்டு நாளும் மழை. எங்கள் வரிசையிலேயே இரண்டு வீட்டில் காய்ச்சல். இவள் தொண்டையைச் செருமினாலே எழுந்து போய் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். 'உனக்குக் கட்டுப்பட்டுத்தானே இருக்கா, நீதான் பாத்துக்கணும்' என்று அம்மனிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். கோபமாகக்கூடச் சொன்னேன்.

திங்கட்கிழமை காப்பை அவிழ்த்து, ஈரத்தலையோடு மூன்று ஆட்டோவில் கிளம்பினோம். முதலில் போய் உட்கார்ந்தது என் மனைவிதான். ஊசி ஏறியபோது அவள் முகம் சுளிக்கவில்லை. நான்தான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பஞ்சை அழுத்திப் பிடித்தபடி வெளியே வந்தவள், வாசலில் குகைபோல் கட்டி மாதா சிலை வைத்திருந்த கெபியைப் பார்த்து நின்றாள்.

"இவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேன்" என்றாள். "நீங்க போயி ஆட்டோ பாருங்க."