ஒன்பது மணி நேரத் தாய்மாமன்

குமரேசனுக்கு நேரத்தை வீணடிப்பது என்றால் ஆகவே ஆகாது. சரக்குக் கப்பலில் இருபத்திரண்டு பேருக்குச் சமைத்துப் போடுகிற ஆள். சோறு வேகிற நேரத்தில் வெங்காயம் நறுக்குவான், குழம்பு கொதிக்கிற நேரத்தில் சட்டை துவைப்பான், அதிலும் ஐந்து நிமிஷம் மிச்சம் பிடித்துத் திண்டிவனத்தில் இருக்கும் தங்கச்சி சங்கவிக்கு வீடியோ கால் போட்டுவிடுவான். அப்பேர்ப்பட்டவனை, குவைத்தில் ஒரு கப்பலை விட்டு இறங்கிக் கொழும்பில் இன்னொரு கப்பல் ஏறப் போகிற வழியில், சென்னை விமான நிலையத்தில் ஒன்பது மணி நேரம் சும்மா உட்கார் என்று டிக்கெட் போட்டுக் கொடுத்தால் உட்காருவானா?

டிக்கெட் வந்த அன்றைக்கே தங்கச்சிக்குப் போன் போட்டான்.

"பாப்பாவுக்குக் காது குத்தறத வர்ற வெள்ளிக்கிழமை வச்சிக்கம்மா. காலைல ஆறரைக்கு எறங்கறேன். ராவு காலம் பத்தரைக்குத்தான். பத்து மணிக்கு என் மடில வச்சிக் குத்திட்டா, பதினொன்னுக்குக் கெளம்பிடுவேன்."

சங்கவிக்குக் கூடப் பிறந்தவன் இவன் ஒருவன்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு வளவனூர் வீடு பூட்டிக் கிடக்கிறது. சங்கவியின் மகள் வெண்ணிலாவைக் கைக்குழந்தையாக ஒரு தடவை தூக்கியதோடு சரி, அப்புறம் அடுத்தடுத்துக் கப்பல் ஏறியதில் அவன் ஊர்ப்பக்கமே வரவில்லை. மாமன் வரட்டும், மாமன் வரட்டும் என்று ஒரு வயதில் குத்த வேண்டிய காது மூன்றாவது வயது வரைக்கும் தள்ளிப் போய்விட்டது. வெண்ணிலாவைக் கேட்டால், மாமன் என்பது போனுக்குள் இருக்கிற ஆள். பேசி முடித்ததும் சிவப்பு பட்டனை அமுக்குகிற உரிமை அவளுடையது. "மாமா கட்" என்று சொல்லி அமுக்கிவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமை ஏழே காலுக்கெல்லாம் குமரேசன் வெளியே வந்துவிட்டான். சங்கவியின் வீட்டுக்காரன் அறிவுச்செல்வன் தன் டூரிஸ்ட் வேனோடு காத்திருந்தான். நேராகப் போயிருந்தால் ஒன்பதரைக்கு வீடு. ஆனால் குமரேசன் விமானத்திலேயே ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தான். அடுத்தவர் கையால் ஆக்கிய இட்லியைத் தின்று பதினோரு மாதம் ஆகியிருந்தது, அதனால் செங்கல்பட்டில் இட்லி, வடைகறி. அதைத் தாண்டி ரோட்டோரம் நுங்கு. அங்கே தின்றது போதாதென்று ஒரு பை வேறு கட்டிக்கொண்டான்.

"மச்சான், ஜல்தியா போலாம்," என்றான் அறிவுச்செல்வன்.

"டைம் கெடக்குது மாப்ள. ரெண்டு நாள் தாடியோட மாமன் சபையில ஒக்கார முடியுமா? அச்சிறுபாக்கத்துல ஒரு ஷேவிங் போட்டுக்கறேன்."

அந்த சலூனில் இருந்தது ஒரே நாற்காலி. அதில் ஒருவர் மீசைக்கு மை அடித்து, அது காய்வதற்காகக் கண்ணை மூடிக் கிடந்தார். மீசை காய்ந்து, தலை அலசி, குமரேசன் முறை வந்து முடிவதற்குள் பத்தே கால்.

திண்டிவனம் மயிலம் ரோட்டில் வீட்டுப் பந்தலுக்குள் அவன் நுழைந்தபோது மணி பத்து நாற்பது. காது குத்த வந்திருந்த கண்ணையன் பத்தர் ஊசியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார்.

"நாப்பது வருசமா குத்திக்கினு வர்றேன். ராவு காலத்துல ஊசிய தொட்டதில்ல. பன்னண்டு ஆவட்டும்," என்றார்.

"பன்னண்டுக்கு நான் பாதி ரோட்ல இருக்கணும், பத்தரே. ஒன்னரைக்கு ஏர்போர்ட்ல நிக்கலன்னா கப்பல் போயிடும்."

"அதுக்கு இன்னா பண்றது? ஒன்னுவிட்ட மாமன் ராஜ்குமார் இருக்காரே, அவர் மடில வச்சிக் குத்திடலாம்."

குமரேசனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. இத்தனை நாள் காத்திருந்த காதை ஒரு சவரத்துக்கு விட்டுக் கொடுத்துவிட்டோமே என்று மழித்த கன்னத்தைத் தேய்த்துக்கொண்டான். பாப்பாவையாவது தூக்கிக்கொள்ளலாம் என்று கையை நீட்டினான். வெண்ணிலா அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டாள். அங்கிருந்தே அவனை ஏற இறங்கப் பார்த்து, விரலால் காற்றில் ஒரு அமுக்கு அமுக்கி, "மாமா கட்," என்றாள். பந்தலே சிரித்தது. அவனும் சிரித்தான், ஆனால் வலித்தது.

சங்கவி சிரிக்கவில்லை.

"எங்கண்ணன் மடிலதான் குத்தணும். பன்னண்டு மணி வூட்லயும் பன்னண்டு மணிதான், ரோட்லயும் பன்னண்டு மணிதான். பத்தரே, பெட்டிய எடுத்துக்கினு வண்டில ஏறுங்க."

பத்தர் வாயைத் திறப்பதற்குள் தாம்பூலத் தட்டு வேனில் ஏறியிருந்தது. வந்தவர்களைப் பந்தியில் உட்கார வைக்கிற பொறுப்பு ராஜ்குமாருக்கு. பதினொன்று பத்துக்கு வேன் சென்னையைப் பார்க்கத் திரும்பியது.

குமரேசன் பின் சீட்டில் நுங்குப் பையை அவிழ்த்தான். தோலை உரித்து, சின்னத் துண்டாக்கி, உள்ளங்கையில் வைத்து நீட்டினான். முதல் துண்டைச் சங்கவி வாங்கிக் கொடுத்தாள். இரண்டாவதை வெண்ணிலாவே எட்டி எடுத்தாள். மூன்றாவதுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மழமழவென்றிருந்த அவன் கன்னத்தைப் பிசுபிசுத்த கையால் தடவிப் பார்த்தாள். மேல்மருவத்தூர் தாண்டுகையில் அவள் அவன் மடியில் இருந்தாள். யாரும் உட்கார வைக்கவில்லை.

மதுராந்தகம் ஏரிக்கரையோரம் புளியமரத்தடியில் வேன் நின்றது. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு. பத்தர் கைக்கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பன்னிரண்டு ஆனதும், "இன்னும் ஒரு நிமிசம் போவட்டும்," என்றார். குமரேசன் வாழ்நாளில் சும்மா இருந்த நீளமான நிமிஷம் அதுதான்.

ஊசி இறங்கியதும் வெண்ணிலா போட்ட சத்தத்தில் ஏரிக் கொக்குகள் எழும்பின. சங்கவி கையை நீட்டினாள். குழந்தை அம்மாவிடம் போகாமல் மாமன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவன் நெஞ்சிலேயே முகத்தைப் புதைத்து அழுதது. பத்தர் மரியாதைக்குக் கொடுத்த வேட்டியும் தாம்பூலத் தட்டுமாக, ஊர் திரும்ப விழுப்புரம் பஸ்ஸில் ஏறினார். வெயிலைத் திட்டிக்கொண்டே ஏறினாலும் முகம் மலர்ந்துதான் இருந்தது.

விமான நிலையத்தில் இறங்கும்போது ஒன்று முப்பத்தைந்து. வெண்ணிலா இன்னும் அவன் இடுப்பிலேயே இருந்தாள். சிவந்த காதில் புதுத் தோடு மின்னியது.

"மாமா போறேன்டா," என்று குமரேசன் சட்டையின் மேல் பட்டனைக் காட்டினான். "இதான் செவப்பு பட்டன். அமுக்கு, பாப்போம். மாமா கட்."

வெண்ணிலா பட்டனைப் பார்த்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் மறைத்துக்கொண்டாள்.

"மாட்டேன்," என்றாள்.

அறிவுச்செல்வன் மணியைப் பார்த்து இரண்டு தடவை இருமினான். நேரத்தை வீணடிப்பதே பிடிக்காத குமரேசன், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இன்னும் ஐந்து நிமிஷம் அப்படியே நின்றான்.