ஹைலெவல் வீதியில் முன் இருக்கை

தீபாவளிக்கு வெள்ளவத்தையிலிருந்து ஹட்டனில் உள்ள தங்கை வீட்டுக்குக் காரில் போவோம். ஹைலெவல் வீதி அவிசாவளையில் முடிந்து மலை வளைவுகள் தொடங்கினால் மகளுக்கு வாந்தி வரும். அதனால் முன் இருக்கை அவளுடையது.

போன வருடம் அவளுக்குப் பத்து வயது. பெரியவர்களைப் போலப் பின்னால்தான் இருப்பேன் என்று அடம்பிடித்து, தாயை முன்னால் அனுப்பினாள்.

கித்துல்கலையில் அவள் முகம் வெளுத்தது.

"நிப்பாட்டவா?"

"வேண்டாம் அப்பா, கதைக்காம காரை ஓடுங்கோ."

கினிகத்தேனையில் தேநீருக்கு நிறுத்தியபோது சுத்தமான சட்டையோடு இறங்கினாள். "பாத்தீங்களா? இனி முன் சீட் அம்மாவுக்குத்தான்!"

"ஐயோ, வேண்டாம்" என்றாள் மனைவி. "பின்னுக்கெண்டா நிம்மதியா நித்திரை கொள்ளுவன். இண்டைக்கு இந்த ரோட்டு எந்த வருஷம் போட்டதெண்டு நீங்க சொன்னதை முழுக்கக் கேட்டு முடிச்சிட்டன்."

திரும்பும்போது இருவரும் பின்னால் ஏறினார்கள். என் பக்கத்தில் தங்கை தந்த பலகாரப் பெட்டி வந்தது.