இராவணா அருவியில் அரை மணி நேரம்

"வழியில ஒரு எடம் பாக்கலாம் ஐயா. அரை மணி நேரம். அது இந்தப் பயணத்தோடயே சேர்ந்தது" என்றாள் வாடகைக் கார் அலுவலகத்துப் பெண்.

"அரை மணி நேரம்னா கார் நின்னதுல இருந்தா, நாங்க கதவத் தொறந்து எறங்குனதுல இருந்தா?" என்று தொலைபேசியில் கேட்டேன்.

"அத டிரைவர்கிட்டயே கேட்டுக்கங்க ஐயா" என்றாள்.

பதுளையிலிருந்து எல்ல, வெல்லவாய வழியாகப் போய், தெற்கில் அதிவேகப் பாதையைப் பிடித்துக் கொழும்பு. இதுதான் பயணம். ஒன்பது வளைவுப் பாலம், தோவ விகாரை என்று நிற்கக்கூடிய இடங்களை அவள் சொல்லத் தொடங்கினாள். முடிப்பதற்குள் நான் இராவணா அருவி என்று சொல்லிவிட்டேன். அருவியின் மேல் எனக்கு ஆசை எதுவும் இல்லை. தேயிலைத் தோட்டத்துக் கந்தோரில் முப்பத்தெட்டு ஆண்டுகள் கிளாக்கராக இருந்தவன். மழை பெய்தால் ஜன்னலிலிருந்தே நான்கு அருவிகள் தெரியும். இராவணா அருவிக்கு என் இளைய மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்காகத்தான் கேட்டேன்.

மகளுக்கு முப்பத்திரண்டு வயது. ஹாலிஎலப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். அதுவரை நான்கு வீட்டார் வந்து பார்த்திருந்தார்கள். நான்கு முறையும் தட்டில் தேநீர் வைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். நான்காம் முறை வந்த அம்மாள், "கொஞ்சம் அந்தக் கடைசி வரைக்கும் நடந்துட்டு வாம்மா" என்றாள். மகள் நடந்தாள். அடுப்படி வரை போனவள் திரும்பி வரவில்லை. அவர்கள் போன பிறகு சொன்னாள்: "இனிமே இந்த வீட்டுக்குள்ள யாருக்கும் நான் டீ கொண்டுவர மாட்டேன். பாக்கணும்னா ரோட்டுல நின்னு பாக்கட்டும். நானும் பாக்கணும்ல?"

தரகரிடம் தயங்கித் தயங்கித்தான் இதைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அதிரவில்லை. இப்போது பாதிச் சம்பந்தங்கள் அப்படித்தானாம். கோயிலில், பூந்தோட்டத்தில், அருவியில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்திப்பதுபோல் சந்திப்பார்கள். பிடித்தால் மேலே பேசுவார்கள். பிடிக்காவிட்டால் அருவியைப் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விடலாம், அக்கம்பக்கத்துக்குத் தெரியாது.

எனக்கு இன்னொரு அவசரமும் இருந்தது. மாலைதீவில் இரண்டு வருட ஆசிரியர் வேலைக்கு மகள் விண்ணப்பித்திருந்தாள். மறுநாள் காலை கொழும்பில் நேர்முகத் தேர்வு. அதற்குத்தான் கார். ரயிலில் இருக்கை கிடைக்கவில்லை, பஸ்ஸில் அத்தனை நேரம் உட்கார மனைவியின் முழங்கால் இடம் கொடுக்காது. இந்த மாப்பிள்ளை அமைந்துவிட்டால் மகள் கடல் தாண்ட வேண்டியதில்லை என்று என் மனம் கணக்குப் போட்டது. கொழும்புக்குப் போகும் வழியிலேயே கொழும்புப் பயணத்தைத் தேவையில்லாமல் செய்துவிட முடியுமா என்று பார்த்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. மகள் எப்படியோ தெரிந்துகொண்டாள்.

"அப்பா, நான் நிக்கிறேன், பேசுறேன். ஆனா எனக்காக நீங்க எதையும் ஒத்துக்கக் கூடாது" என்று முந்திய நாள் சொன்னாள்.

"நான் என்னத்த ஒத்துக்கப் போறேன்?"

"அதத்தான் சொல்றேன்."

கார் சொன்ன நேரத்துக்கு நான்கு நிமிடம் முன்னதாகவே வந்தது. ஓட்டுநர் பதுளை நகரத்து முஸ்லிம், நாற்பத்தைந்து வயதிருக்கும். மகள் அவரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டாள், நான் தம்பி என்றேன். ஹாலிஎல தாண்டுவதற்குள் மூன்று முறை நேரம் கேட்டேன். என் கையிலேயே கடிகாரம் இருந்தது. தெமோதரையில் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம்.

"முந்துங்க தம்பி."

"முந்தலாம் ஐயா. அந்த வளைவுல வாற பஸ்காரனுக்கும் இதே யோசனை வந்தா என்ன செய்ற?"

பின்னாலிருந்து மனைவி சொன்னாள்: "கிளாக்கரையா பெரட்டுக்குப் போறாரு. ஆள் கணக்கு எடுக்கணும். லேட்டானா தொர ஏசுவாரு."

தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி எண்ணும் பெரட்டைச் சொல்கிறாள். மகள் வெளியே பார்த்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் மொனராகலைக்காரர்கள். முன்பு ரப்பர்த் தோட்டத்தில் இருந்து பிறகு நகரத்தில் வீடு கட்டியவர்கள். பையன் சீனித் தொழிற்சாலையில் கணக்குப் பிரிவு. தகப்பன் இல்லை, அம்மா மட்டும். அந்த அம்மா பச்சைச் சேலை கட்டி வருவாள் என்று தரகர் அடையாளம் சொல்லியிருந்தார். நான் போய், "நீங்க மொனராகலைப் பக்கமா?" என்று கேட்க வேண்டும். அவள், "ஆமாங்க, சும்மா அருவி பாக்க வந்தோம்" என்பாள். அங்கிருந்து பேச்சு வளரும்.

"யாருக்குங்க இந்த நாடகம்?" என்றாள் மனைவி. "அங்க நம்மளத் தெரிஞ்சவன் எவன் இருக்கான்? கொரங்குக்கா?"

குரங்குகள் நிறையவே இருந்தன. அருவி தெருவை ஒட்டியே விழுகிறது. தெரு முழுக்க வான்கள், வெள்ளைக்காரப் பிள்ளைகள், அவித்த சோளப்பொத்தி விற்பவர்கள், உள்ளங்கையில் பளபளக்கும் கற்களைக் காட்டிப் பின்னாலேயே வருபவர்கள். மனைவி முழங்கால் வலி என்று காரிலேயே இருந்துவிட்டாள். நானும் மகளும் இறங்கினோம். ஓட்டுநரிடம் அரை மணி நேரம் எதிலிருந்து தொடங்குகிறது என்று கேட்டேன். "உங்கட மனசு ஆறினதுலேந்து ஐயா" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார்.

பச்சைச் சேலையைக் காணவில்லை. பதினைந்து நிமிடம் போனது, இருபது போனது. மகள் அருவிக்கு எதிரே தெருப் பாலத்தின் சுவரில் சாய்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருக்கும் சேலைகளில் நல்லதைக் கட்டியிருந்தாள். அருவிச் சாரல் அதில் புள்ளி புள்ளியாக விழுந்தது. தள்ளி நில் என்றேன். கேட்கவில்லை.

இருபத்துநான்காவது நிமிடத்தில் ஒரு வானிலிருந்து பச்சைச் சேலை இறங்கியது. பின்னால் வாட்டசாட்டமான ஒரு பையன், தலைமுடி படிய வாரியவன். என் மனம் குளிர்ந்தது. வேகமாகப் போனேன்.

"நீங்க மொனராகலைப் பக்கமா?"

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இல்லை. ஏன் கேக்கிறியள்?"

வாசகம் மறந்துவிட்டது போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். "சும்மா அருவி பாக்க வந்தீங்களாக்கும்" என்று எடுத்துக் கொடுத்தேன்.

"ஓம். அருவி பாக்கத்தான் எல்லாரும் வருகினம்."

"தம்பிக்குக் கணக்குப் பிரிவுதானே?"

"என்ன கணக்கு? அவர் கனடாவில இருந்து லீவில வந்து நிக்கிறார்." அதற்குள் அவள் கண் என்னைத் தாண்டிப் போனது. "உங்கட மகளே அவ?"

அவர்கள் யாழ்ப்பாணத்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காது சூடானது. மகள் வந்து, "அப்பாவுக்கு ஆள் மாறிப்போச்சும்மா, மன்னிச்சுக்கங்க" என்று என் முழங்கையைப் பிடித்து நகர்த்தினாள். பத்தடி வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல காலம் ஆகிறது.

"எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுதாங்க நின்னோம்" என்று பின்னால் ஒரு குரல். திரும்பினேன். நீலச் சேலை கட்டிய ஒரு பெண்மணி, பக்கத்தில் குடையோடு சற்றுக் குட்டையான ஒரு பையன். "மொனராகலை நாங்கதான். பச்ச கசங்கிப்போச்சு, மாத்திட்டேன்."

மகளின் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அந்தப் பையனும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். "சோளம் சாப்பிடுறீங்களா?" என்று அவளிடம் கேட்டான். இருவரும் தெருவைக் கடந்து போனார்கள். நடுவில் ஒரு குரங்கு குறுக்கே ஓடியது. அவன் குடையை நீட்டி அதை விரட்டினான். அது குடையைப் பிடித்து இழுத்தது. மகள் ஏதோ சொல்ல, அவன் குடையை விட்டுவிட்டான்.

அவன் அம்மாவிடம் நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. மகளின் சம்பளம், மாலைதீவு வேலை, என் ஓய்வூதியம், கல்யாணமாகிப் போன என் மூத்த பெண்கள் இருக்கும் இடங்கள் எல்லாம் அவள் கேட்டுத் தெரிந்துகொண்டாள். என் பார்வை முழுதும் சோளக் கடையில் இருந்தது. அங்கே பதினோரு நிமிடம் பேசினார்கள். ஓட்டுநர் வந்து தொண்டையைச் செருமினார். மகள் திரும்பி வந்து, "போகலாம்ப்பா" என்றாள். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

அருவியிலிருந்து வெல்லவாய வரை இறக்கம்தான். வளைவுக்கு வளைவு வெயில் கூடியது. என்ன பேசினீர்கள் என்ற கேள்வி என் நாக்கு நுனியில் நின்றது. மனைவி அதற்குப் பதிலாக, "சோளம் நல்லாருந்துச்சா?" என்று கேட்டாள். "உப்பு கூட" என்றாள் மகள்.

வெல்லவாயச் சந்திக்குச் சற்று முன்னால் என் கைப்பேசி அடித்தது. பையனின் அம்மா. காருக்குள் எல்லோருக்கும் கேட்கும் குரல் அவளுக்கு.

"எங்களுக்குப் புடிச்சிருக்குங்க. பின்னாலயே வந்துக்கிட்டு இருக்கோம். சந்தியில எடப்பக்கம் திரும்புங்க. வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க. நேத்தே சொல்லிச் சமைக்க வச்சிருக்கேன்."

பேச்சு முடியும்வரை ஒரு வீட்டில் கை நனைக்க மாட்டோம். கை நனைத்தால் சம்மதம் என்று பொருள். அவளுக்கும் அது தெரியும், தெரிந்துதான் அழைக்கிறாள்.

"இன்டர்வியூ இருக்கேம்மா, நாளைக்கு" என்றேன்.

"அது இனி எதுக்குங்க? கல்யாணம் கட்டிக்கிட்டு மாலைதீவுல போயி இருக்கப் போறாளா? போன்ல சொல்லிடச் சொல்லுங்க."

"புள்ளகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு…"

"நீங்கதானே தகப்பன்? உங்க வார்த்த போதும்ங்க எங்களுக்கு."

ஓட்டுநர் காரை ஓரமாக நிறுத்தினார். முன்னால் சந்தி தெரிந்தது. இடது பக்கம் மொனராகலை, நேரே போனால் தணமல்வில, அதற்கப்பால் கொழும்பு. ஒரு மணி நேரத்தில் அந்த வீட்டில் இலை போட்டிருப்பார்கள். காலையிலிருந்து, உண்மையில் ஐந்து ஆண்டுகளாக, நான் தவித்துக் கேட்டது இதுதான். ஆமாங்க என்ற ஒரு சொல் போதும்.

திரும்பிப் பார்த்தேன். மனைவி கண்ணாலேயே சொல்லுங்க, சொல்லுங்க என்றாள். மகள் என்னைப் பார்க்கவில்லை. கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்து, அதன் வாரை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"திரும்பி வர்றப்ப வர்றோம்மா" என்றேன். "இன்டர்வியூ முடியட்டும்."

"திரும்பி வர்றப்பவா?" என்றாள். "அப்ப எங்க அடுப்புல என்ன இருக்கும்னு சொல்ல முடியாதுங்க." தொடர்பு அறுந்தது.

"நேரா போங்க தம்பி" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

மனைவி நெற்றியில் அறைந்துகொண்டாள். "வீட்டு வாசல் வரைக்கும் வந்தத எட்டி ஒதச்சாச்சு. நல்லாருங்க." பிறகு மகளிடம் திரும்பினாள். "அந்தப் பையன் என்னதாண்டி சொன்னான்?"

"நல்ல மனுசன்மா. ரெண்டு வருசம்தானே, போயிட்டு வாங்கன்னாரு. அத உங்க அம்மாகிட்டச் சொல்லுங்கன்னேன். கீழ பாத்துக்கிட்டாரு."

சந்தி பின்னால் போய்விட்டது. சாலை நீண்டு, இருபுறமும் காய்ந்த பற்றைக்காடு. சற்றுப் பொறுத்து மகள் முன்னால் குனிந்து சொன்னாள்:

"நீங்க சரின்னு சொல்லியிருந்தா அந்தச் சந்தியிலயே எறங்கியிருப்பேன்ப்பா."

"எறங்கி?"

"கொழும்பு பஸ் ஒண்ணேகாலுக்கு. அதுக்கடுத்தது ரெண்டு பத்துக்கு."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"பாத்து வச்சிருந்தேன்."

கோபமாகத்தான் வந்தது. ஆனால் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்று பத்து. பஸ்ஸைப் பிடித்திருப்பாள்.

ஓட்டுநர், "ஐயா, பசிக்கலயா?" என்று கேட்டுத் தணமல்விலவுக்கு முன்னால் ஒரு சோற்றுக் கடையில் நிறுத்தினார். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மனைவி என் முகத்தைப் பாராமல் என் தட்டில் இன்னொரு கரண்டி பருப்புப் போட்டாள். பிறகு எருமைத் தயிர் கேட்டு, ஒரு சட்டியை முழுதாக முடித்தாள்.

மறுபடி காரில் ஏறியதும் மகள், "அப்பா, சும்மா வராதீங்க. நாளைக்கு கேக்கப்போறவங்க மாதிரி என்கிட்ட கேளுங்க" என்றாள்.

எனக்குத் தெரிந்ததைக் கேட்டேன். ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் பின்னத்தை எப்படிச் சொல்லிக் கொடுப்பாய் என்று கேட்டேன். ஆங்கிலத்தில் அழகாகச் சொன்னாள். பாடத்தில் அக்கறை இல்லாத பிள்ளையை என்ன செய்வாய் என்று கேட்டேன். அதற்கும் சொன்னாள். மூன்றாவதாக, வீட்டை விட்டு இவ்வளவு தூரம் ஏன் வர நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். அவள் மனப்பாடம் செய்ததை மடமடவென்று ஒப்பித்தாள்.

"வேகம் கூடிப்போச்சு. நம்ப மாட்டாங்க. மறுபடி சொல்லு."

மறுபடி சொன்னாள். இந்த முறை இரண்டு இடத்தில் நின்று நின்று சொன்னாள். மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கைப்பேசி அடிக்கிறதா என்று சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். அடிக்கவில்லை. அடுத்த கேள்வியை யோசிக்கத் தொடங்கினேன்.