கணுக்கால் உயரத்துக் காற்று

உலகத்தில் வீசுகிற காற்றெல்லாம் காலை ஏழு மணிக்குக் காற்றுக்காரம்மாவிடம் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பும். புயலே ஆனாலும் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பள்ளிக்கூடத்தில் மகள் தன் அம்மாவைப் பற்றி இப்படித்தான் அளந்துவிட்டிருந்தாள்.

உண்மையில் அம்மாவிடம் இருந்தது ஆராய்ச்சிப் பண்ணையின் மூலையில் காற்றை அளக்கும் ஒரு கம்பம். அதில் கணுக்கால், முழங்கால், இடுப்பு உயரத்தில் மூன்று சுழலும் கிண்ணங்கள். எத்தனை சுற்று சுற்றின என்பதைக் குனிந்து பார்த்து, தினமும் நோட்டில் எழுத வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கே இடுப்பு போயிற்று.

அது காற்று செத்துக்கிடந்த மாதம். கணுக்கால் கிண்ணம் ஒரு வாரமாகப் பூஜ்யத்தைத் தாண்டவில்லை.

"காத்து இல்லன்னு எழுதறதுக்கு ஒரு சம்பளமாம்மா?" என்றார் அதிகாரி போனில். இந்த வாரமும் இப்படியே போனால் கம்பத்தைக் கழற்றிவிடுவார்களாம். கம்பம் போனால் அம்மாவின் வேலையும் போச்சு.

திங்கட்கிழமை பார்த்தால் நானூறு சுற்று. செவ்வாய் அறுநூறு. அம்மாவுக்குப் போன உயிர் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. மேலே முழங்கால் கிண்ணம் வெறும் இருநூறு. தரையோடு போகிற காற்றைப் புல்லும் மண்ணும் காலைப் பிடித்து இழுக்கும். அது மேல்காற்றை எப்படி முந்தும்? புல்லை வெட்டினாள். சிலந்தி வலையைத் துடைத்தாள். கம்பத்தை நிற்கவைத்துத் திட்டினாள். புதனும் வியாழனும் மறுபடி பூஜ்யம். வெள்ளி ஐந்நூறு. கிறுக்குப் பிடித்தது கிண்ணத்துக்கா தனக்கா என்றே தெரியவில்லை.

மறுநாள் அதிகாரி வருகிறார். சாயங்காலம் தேதியைச் சரிபார்க்க அம்மா சுவர் காலண்டரைப் பார்த்தாள். புதன், வியாழன் இரண்டிலும் மகள் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள்.

"ஏண்டி, பரீட்சைன்னா காத்தும் படிக்க உக்காந்துடுமா?"

மகள் சாப்பாட்டுத் தட்டைக் கூர்ந்து ஆராய்ந்தாள். "உனக்கு வேலை போயிடும்னு சொன்னாங்களே" என்று தட்டிடமே சொன்னாள்.

அம்மா நானூறு, அறுநூறு, ஐந்நூறு மூன்றையும் அடித்து, ஓரத்தில் 'காற்று இல்லை. மகளின் விரல்' என்று எழுதி நோட்டை மகள் பக்கம் தள்ளினாள்.

"காத்தெல்லாம் எங்கிட்ட கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போகுமாமே, ஸ்கூல் பூரா சொல்லி வெச்சிருக்க. ம், போடு."