காது தெரிய ஒரு போட்டோ

சின்ன வயதில், தண்டட்டியைக் கழற்றி வைத்துவிட்டு அம்மா படுத்திருந்தால், அவள் காதுத் துளைக்குள் என் மூன்று விரல்களைச் சேர்த்து விட்டுப் பார்ப்பேன். தாராளமாக நுழையும். எங்கள் ஊர் சிலமலையில் அம்மா வயதுப் பெண்கள் எல்லோருக்கும் அப்படித்தான். தண்டட்டியின் கனம் வருஷக்கணக்காக இழுத்துக் காது நீண்டு தொங்கும். துளையைப் பெரிதாக்க முதன்முதலில் எவ்வளவு சின்னக் குச்சியை வைத்திருப்பார்கள், ஓடினால் கன்னத்தில் அடிக்காதா என்று ஓயாமல் கேட்பேன். "ஏண்டி, காதுக்குள்ள போயிக் குடியிருக்கப் போறியா?" என்று கையைத் தட்டிவிடுவாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் அந்தக் காது திடீரென்று பட்டிக்காடாகிவிட்டது. பலர் மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய், தொங்கும் சதையை வெட்டித் தைத்துக்கொண்டு வந்தார்கள். நானோ டீச்சராகப் போகிறவள். என் பக்கத்தில் இந்தக் காதோடு நிற்காதே என்று நச்சரித்தே அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன். வெள்ளிக்கிழமை மதுரைக்குப் போவதென்று முடிவானது.

அதற்கு இரண்டு நாள் முன்னால், பயிற்சிப் பள்ளி விண்ணப்பத்துக்கு என்னைப் படம் எடுக்கப் போடிக்குப் போனோம். அப்பா ஏலக்காய் எடுப்புக்கு மலைக்குப் போயிருந்ததால் துணைக்கு அம்மா வந்தாள். கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டூடியோ. என்னை எடுத்து முடித்ததும் போட்டோக்காரர் அம்மாவிடம், "அக்கா, நீங்களும் ஒண்ணு எடுத்துக்கங்க. மலையில மேகம் எறங்குது, செத்த நேரத்துல இந்த வெளிச்சம் போயிரும்" என்றார்.

அம்மா கூச்சப்பட்டு ஒதுங்குவாள் என்று நினைத்தேன். அவளோ விறுவிறுவென்று போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தண்டட்டியை முந்தானையால் துடைத்தாள். பிறகு, "அண்ணே, ஒருக்களிச்சு உக்காந்தா காது நல்லாத் தெரியுமா?" என்று கேட்டாள்.

எனக்கு மானமே போய்விட்டது.

"யம்மா, எந்திரி. காதத் தச்சு, கம்மல் போட்டு, அப்பாவும் எறங்கி வரட்டும். பொங்கலுக்கு மூணு பேரும் அம்சமா எடுப்போம்."

"இப்ப ஒண்ணு, அப்ப ஒண்ணு எடுத்தா என்னடி?"

"இந்தக் காத எவ பாக்கப்போறா? வெரசா வா, பஸ்சு போயிரும்."

பஸ்சுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அம்மாவுக்கும் அது தெரியும். எழுந்து வந்தாள். அந்தப் பொய்யை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காதைத் தைத்தார்கள். ஆறியதும் தண்டட்டியை அழித்துக் கம்மல் செய்தோம். கடிதம் போட்டுத் தெரிவித்திருந்தும், பொங்கலுக்குக் குரங்கணி வழியாக இறங்கி வந்த அப்பா வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வி, "எங்கடி காது?" என்பதுதான். சொன்னபடியே மூவரும் போடிக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டோம். அதில் அம்மா யாரோ ஆபீசர் வீட்டம்மா மாதிரி இருக்கிறாள். நல்ல படம்தான்.

படத்தை மாட்டிய அன்று அப்பா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "சந்தைக் கூட்டத்துல இவளக் காத வச்சுத்தான் கண்டுபிடிப்பேன். தோளத் தொட்டுக்கிட்டு ஆடும்" என்றார். தொடவில்லை, இரண்டு விரற்கடை மேலேயே நின்றது என்றேன் நான். அவர் விடவில்லை, நானும் விடவில்லை. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் பார்த்த காது, இரண்டு பேருக்கு இரண்டு நீளமாக இருந்தது எனக்கு வேடிக்கையாகக்கூட இருந்தது. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் பஞ்சாயத்துக்குப் போனேன்.

"நீயே சொல்லும்மா, தொட்டுச்சா இல்லையா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள் அம்மா. "நான் பொட்டு வைக்கிற கண்ணாடி உள்ளங்கை அகலம். அதுல மூஞ்சி தெரியும், தோளு தெரியுமா? என் காத நீங்கதான பாத்தீங்க."

கையிலிருந்த வெங்காயத்தை முறத்தில் போட்டாள்.

"அது எப்பிடித்தான் இருக்குன்னு நானும் பாக்கணும்னுதான் அன்னைக்குப் போயி உக்காந்தேன்."