நியாகபாலுவின் சட்டி

மகன் கபாலுவைப் பெற்ற நாள்முதல் ஊர் அவளை நியாகபாலு, அதாவது கபாலுவின் தாய், என்றே கூப்பிட்டது. சாம்பேசி ஆற்றங்கரையில் அவளை வாயால் ஜெயித்த முதலைகூட இல்லை.

"பையனோட முன்தோல ஆஸ்பத்திரியில அரை மணி நேரத்துல வெட்டி விட்டுருவாங்க" என்றான் புருஷன்.

"வெட்டுவாங்க. ஆட்டமும் பாட்டும் நர்சம்மாவா சொல்லிக்குடுப்பா?"

பல வருஷமாக நின்றுபோன முகாண்டாவை, பையன்களைக் காட்டில் வைத்து ஆளாக்கும் சடங்கை, வீடுவீடாகச் சண்டை போட்டு அவள்தான் மறுபடி நடக்க வைத்தாள். பையன்கள் காட்டுக்குள் போனார்கள். காயம் ஆறி, ஆட்டம் பழகி, ஆளாகித் திரும்பும்வரை பெற்றவள் எட்டிப் பார்க்கக் கூடாது. எப்படி இருக்கிறான் என்று கேட்கவும் கூடாது. உப்பில்லாமல் சமைத்து அனுப்பலாம், அவ்வளவுதான். பிள்ளை செத்தால் அவன் சட்டியைத் தாயின் காலடியில் போட்டு உடைப்பார்கள்.

விடியலில் பையன்கள் காட்டிலிருந்து பாட, தாய்மார் எதிர்ப்பாட்டுப் பாடுவது வழக்கம். சில நாளாகக் கபாலுவின் குரல் அதில் இல்லை. சட்டி மட்டும் வழித்துத் துடைத்தாற்போல் திரும்பி வந்தது. மீன் தலையைக் கண்டால் மூஞ்சி சுளிக்கிற பயல் அவன். தலையையும் காணோம், முள்ளையும் காணோம். அப்படியானால் தின்பது யார்? நான்தானே அனுப்பினேன்?

அன்று மத்தியானம் மத்தளத்தோடு முகமூடி ஆடி வந்தது. செத்த முன்னோர் எழுந்து வருவது அது. உள்ளே யாரென்று எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். சட்டிகளை எப்போதும் பையன்களின் காவலாட்கள்தான் கொண்டுவருவார்கள். இன்று முகமூடியின் கையில் ஒரே ஒரு சட்டி. அவளுடையது.

அவள் முகமூடியின் எதிரே போய் நின்றாள். பிள்ளையைப் பற்றிக் கேட்கத்தான் கூடாது, முகமூடியைப் பெண்கள் கேலி பண்ணலாமே.

"யோவ் பெரியவரே! புதைகுழியில மீனே கிடைக்கலையா? எம்புள்ள தொடாத தலையெல்லாம் யாரு வயித்துல போகுது?"

"அண்ணி, வாய மூடு!" நாத்தனார் சோம்போ அவள் இடுப்பைக் கிள்ளினாள்.

மத்தளம் நின்றது. முகமூடி சட்டியைத் தலைக்குமேல் தூக்கியது. அவள் கண்ணை இறுக்கிக்கொண்டாள்.

உடையும் சத்தம் வரவில்லை. பெண்கள் சிரிக்கும் சத்தம்தான் வந்தது. முகமூடி சட்டியை மடியில் வைத்து, இல்லாத மீன் தலையைச் சப்புக்கொட்டி உறிஞ்சியது. பிறகு வாயைப் பிளந்து பாடப்போய், தொண்டையைப் பிடித்துக்கொண்டு தவளைபோல் விழித்தது.

"பயலுக்குப் பாடிப் பாடித் தொண்டை கட்டிக்கிச்சாம் அண்ணி! பசி வந்தா தலையும் இறங்குமாம்!" என்று சிரித்தாள் சோம்போ.

"என்னச் சமாதானப்படுத்தப் பொய்யாவும் ஆடலாமில்ல?" என்றாள் அவள்.

மறுநாள் விடியலில் அவள் வாசலில் நின்றாள். பாட்டு எழுந்தது. அதன் ஓரத்தில், கரகரவென்று, தாளம் தப்பி ஒரு குரல்.

எதிர்ப்பாட்டுக்கு வாய் திறந்தாள். சத்தம் வரவில்லை. சோம்போதான் அவளுக்கும் சேர்த்துப் பாடினாள்.