சாத்துக்குடிக்குப் போட்ட ஊசி

நான் ஐந்தாவது படித்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனா அம்மாவையும் என்னையும் அம்மையார்குப்பத்திலிருந்து திருத்தணிக்குக் கூட்டிக்கொண்டு போனார். திருத்தணிக்குப் போனால் மலை ஏறாமல் திரும்பிய வழக்கமில்லை. அன்று அடிவாரத்தோடு சரி. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு வந்த நோய் உள்ளவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் வகுப்பு வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பா என்று எனக்கு எரிச்சல்.

அதற்குச் சில மாதங்கள் முன்பு அம்மா காய்ச்சலும் வாந்தியுமாகக் கிடந்து, நினைவு தப்பி, சென்னை வரை போய்ப் பிழைத்து வந்திருந்தாள். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் இரண்டு சுரப்பிகள் வேலை செய்யாமல் நின்றுவிட்டன என்றார்கள். அவை சுரக்க வேண்டியதை இனி ஆயுள் முழுக்க மாத்திரையாக விழுங்க வேண்டும். அம்மா தவறாமல் விழுங்கினாள். ஆனால் வாசலைத் தாண்டவில்லை. நைனா டீ குடிக்கப் போனால்கூட எப்போது வருவார் என்று கேட்டுவர என்னை அனுப்புவாள்.

வகுப்பு நடந்த ஹாலில் மேஜை மீது ஒரு தட்டு நிறைய சாத்துக்குடி இருந்தது. வந்தவர்களுக்குத் தின்னக் கொடுப்பார்கள் என்று நினைத்து அதற்கு அருகிலேயே இடம் பிடித்தேன்.

பாடம் நடத்தியவர் ஒரு சிஸ்டர். மாத்திரையை ஒரு நாளும் நிறுத்தக்கூடாது, காய்ச்சல் வந்தால் டாக்டர் சொன்னபடி கூட்டிப் போட வேண்டும், வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் காத்திருக்காமல் ஊசி போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்றார். கனகம்மாசத்திரத்தில் இட்லிக்கடை வைத்திருந்த ஒரு அம்மாள் எழுந்தாள்.

"கிருத்திகைக்கு ஒண்ணும் வாய்ல வைக்க மாட்டேன் சிஸ்டர். அன்னிக்கு மட்டும் மாத்திரைய வுட்டுடலாமா?"

"முருகனுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க மாத்திரையப் போடுங்க."

அதன் பிறகுதான் சாத்துக்குடி எதற்கு என்று தெரிந்தது. ஊசி போட்டுப் பழக, ஆளுக்கு ஒரு பழமும் தண்ணீர் ஏற்றிய ஒரு ஊசியும் கொடுத்தார்கள். நைனா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். "தறியில அறுந்த இழைய கண்ண மூடிகினே முடிவேன். இது இன்னா பெரிய வேலை?" என்றார். பழத்தில் குத்தும்போது ஊசி வளைந்து, தண்ணீர் இட்லிக்கடை அம்மாளின் புடவையில் பீய்ச்சியது.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போது அம்மா மட்டும் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். அதில் பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒருவர், புதுமணத் தம்பதியில் கணவர், தலை சாய்ந்து வியர்த்துக் கிடந்தார்.

"காலையிலேர்ந்து வாந்தி. பஸ்லயும் எடுத்துகினே வந்தாரு," என்றாள் அவர் மனைவி.

"மாத்திரை தங்குச்சா?" என்று கேட்டாள் அம்மா.

"இல்லீங்க. அதுவும் வந்துட்ச்சு."

சிஸ்டர் டாக்டருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, மருந்தைக் கலந்து ஊசியில் ஏற்றி, அந்தப் பெண்ணிடமே நீட்டினார். "நான் பக்கத்துல இருக்கேன். நீயே போடு."

அவள் கைகளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அம்மாதான் எழுந்துபோய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"போடும்மா. நானும் இப்பிடித்தான் கெடந்தேன். அன்னிக்கு எங்க வூட்ல யாருக்கும் இது தெரியாது. உனக்குத் தெரியும்."

சிஸ்டர் தொடையில் இடத்தைக் காட்ட, அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு போட்டுவிட்டாள். அவரை வார்டுக்கு ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். நாங்கள் மதியச் சாப்பாட்டை முடிக்கும் முன் அவள் திரும்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள். "அக்கா, ஒக்காந்துட்டாரு. காப்பி கேக்குறாரு."

அம்மா கை கழுவிவிட்டு நேராக மேஜைக்குப் போய் ஒரு சாத்துக்குடியை எடுத்தாள். முதல் குத்திலேயே ஊசி நிமிர்ந்து நின்றது. இன்னொரு பழம் எடுத்தாள். பிறகு நைனாவின் கைக்குமேல் தன் கையை வைத்து, அவருக்கும் வரும்வரை விடவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"அடுத்த வருஷம் இவள திருத்தணியில சேத்துடலாங்க. ஆறாவதுலேர்ந்து இங்கயே படிக்கட்டும்."

"டெய்லி யாரு கூட்டிகினு வர்றது?"

"நான்தான். ஊசிய பையில போட்டுகினு நானே வரேன்."

எனக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. என் பள்ளிக்கூடம், என் சிநேகிதிகள் எல்லாவற்றையும் ஒரே பேச்சில் பிடுங்கிவிட்டாளே என்று ஊர் வந்து சேரும்வரை அழுதேன். நோயில் விழுந்த பிறகு அம்மா 'அடுத்த வருஷம்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை என்பது என் காதில் விழவேயில்லை. நடுவில் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தபோது நைனாவும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் கஷ்டம் புரிந்த ஒரு ஆளாவது வீட்டில் இருக்கிறாரே என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.